சுவர்ப்பலகை சுரண்டிய வைபவம்

"இல்லத்தார் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், கூடத்துச் சுவரில் பதித்த பழைய மரப்பலகைகள் வருகிற ஞாயிறு முதல் என் நேரடி மேற்பார்வையில் புதுப்பிக்கப்படும்."

இல்லத்தார் என்பது மனைவி, மகன், மருமகள், தவழும் பேத்தி. பேத்தி அப்போது அறிவித்தவரின் செருப்பு வாரைச் சப்பிக்கொண்டிருந்தது. அவருக்கு முதுகுக்குப் பின்னால் சுப்ரீம் கோர்ட் என்று பெயர். அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

"மாமா, அது அந்தக் காலத்துப் பெயிண்ட். ஈயம் இருக்குமாம். தூசி பாப்பா வாய்க்குப் போனா மூளைக்கே ஆகாதாம். தெரிஞ்ச ஆளா வச்சுப் பண்ணலாமே," என்றாள் மருமகள்.

"ஆளா? அவன் சிகரெட்டைக் கடிச்சுக்கிட்டே சுரண்டுவான். நான் முறைப்படி பண்ணுவேன்மா."

"ஒரு ஆணி அடிக்கவே அரை நாள் முறை பார்ப்பாரு," என்று மனைவி அடுக்களையிலிருந்து முனகினாள்.

ஆனால் குறை சொல்ல முடியாதபடிதான் செய்தார். கூடத்து வாசலை டேப் ஒட்டி அடைத்தார். தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்தார். தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினார். குளிக்காமல் பேத்தியைத் தொடவில்லை. முகமூடிக்குள்ளிருந்து அவர் இட்ட உத்தரவுகள் ஒருவருக்கும் புரியாததால் வீடு நிம்மதியாகவும் இருந்தது.

பலகைகள் புதுப் பெயிண்ட்டில் மின்னின. ஷீட்டைப் பெயிண்ட் செதிலோடு சுருட்டி எறிந்துவிடச் சொல்லியிருந்தார் அதை விற்ற கடைக்காரர். தடித்த, கிழியாத ஷீட். 'எறியத்தான் சொல்வான், அடுத்ததை விக்கணுமே' என்று தீர்ப்பாயிற்று. பால்கனியில் நாலு உதறு உதறி, பேத்தி சோறு சிந்தும் இடத்தில் தன் கையாலேயே விரித்தார்.

"ஏது மாமா இந்த ஷீட்டு?" என்றாள் வேலையிலிருந்து வந்த மருமகள்.

"கடைல வாங்கினதும்மா."

பொய் என்று சொல்லிவிட முடியாது.

பேத்தி அதில் உருண்டது. விழுந்த பருக்கைகளைப் பொறுக்கி, விரலோடு சேர்த்துச் சப்பியது. சில வாரங்களில் அதற்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. "பல்லு முளைக்குது," என்றார் அவர். அதற்கும் அப்பீல் இல்லை. பிடித்துக்கொண்டு நின்று பழகிய குழந்தை நிற்பதையே விட்டபோதுதான் மருமகள் யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவரும் பின்னாலேயே போனார்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் நிமிர்ந்தார். "வீட்ல பழைய பெயிண்ட் எதுவும் சுரண்டினீங்களா?"

"முறைப்படி. மாஸ்க் போட்டு, ஈரம் பண்ணி, ஷீட் விரிச்சு..."

"அந்த ஷீட்டு எங்கே?"

மருமகள் மெல்லத் திரும்பி மாமனாரைப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு... விரிச்சிருக்கேன்."

"ரத்தத்துல இருக்கற ஈயத்தைக் குறைக்கப் பார்க்கலாம்," என்றார் டாக்டர். "மூளைக்குப் போனதை எடுக்க முடியாது."

எதற்கும் இருக்கட்டுமென்று மாமனாருக்கும் பரிசோதனை செய்தார்கள். அவர் ரத்தத்தில் ஒன்றுமில்லை.