காற்றுப் புகாத வீடு

ஹாலிஸின் வலது தோள்பட்டையில் யாரோ உளியை இறக்கிவிட்டு, பிடுங்க மறந்து போன மாதிரி வலித்தது. கூண்டு இழுக்கிற தோள் அது. டிசம்பர் கடலில் விடியும் முன்னே போய், ஆடுகிற படகில் காலை ஊன்றி நின்று, இரும்புக் கூண்டுகளை விளிம்புக்கு இழுத்துப் போட வேண்டும். உள்ளே கிடக்கிற சிங்கி இறாலைப் பிடுங்கிவிட்டு, நாறிய மீனை இரையாகக் குத்தி, மறுபடி கடலில் தள்ள வேண்டும். அன்றைக்கு ஒரு கூண்டு அலையோடு திரும்பி வந்து அந்தத் தோளிலேயே மோதியது. கரைக்கு வந்தபோது தன் தலையிலிருந்த தொப்பியைக்கூட அவனால் கழற்ற முடியவில்லை.

வீட்டுக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தான். சமையலறையில் அவன் மனைவி வெர்னா போர்வையைச் சுற்றிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். மீன் ஆலையில் பனிக்கட்டித் தண்ணீரில் நின்று நின்று அவள் நெஞ்சில் கட்டிய சளி அக்டோபரிலிருந்து இறங்கவே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி டெல்பர்ட் உட்கார்ந்திருந்தான். படகுத் தச்சன். ஊர்த் தீயணைப்புப் படையில் சம்பளமில்லாத ஆள். கையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான்.

“இது என்னன்னு சொல்லு, ஹாலிஸ்.”

“பிளக் பாயிண்ட்.”

“போன வாரம் வரைக்கும். இப்போ கருவாடு.”

படுக்கையறைச் சுவரிலிருந்து கழற்றியது. ஒரு பக்கம் உருகி வழிந்து கறுத்திருந்தது.

“வயரெல்லாம் உங்கப்பன் காலத்தது. துணி சுத்துன வயர். உப்புக் காத்து உள்ளே பூந்து செம்பெல்லாம் பச்சை பூத்துக் கெடக்கு. அதுல எக்ஸ்டென்ஷன் வயரை மாட்டி, அதுல ஹீட்டரை மாட்டி, அதுக்கு மேல நாற்காலியில ஈரக் கையுறையை வேற தொங்கவிட்டிருக்கே. ஒரு கையுறை வழுக்கி விழுந்தா போதும். வீடு இருந்த எடத்துல புகைபோக்கிதான் நிக்கும்.”

“உன்னை யாரு கூப்பிட்டா?”

“நான்தான் கூப்பிட்டேன்” என்றாள் வெர்னா. “சுவரு சுட்டுது, ஹாலிஸ். கையை வெச்சுப் பார்த்தேன்.”

வெர்னாதான் கூப்பிட்டாள் என்பது ஹாலிஸுக்குத் தோள்வலியைவிட மோசமாக வலித்தது. அவன் வீடு. அவன் அப்பன் கட்டிய வீடு. அதில் மனைவிக்குச் சூடு கொடுக்க மச்சினன் வர வேண்டுமா?

டெல்பர்ட் விடவில்லை. “எண்ணெய் ரேடியேட்டர் ஒண்ணு கொண்டாந்திருக்கேன். இந்தச் சமையலறை வயரு மட்டும் புதுசு. இங்கே சுவத்துலயே நேரா சொருகு, வயரை நீட்டாதே. சுத்தி மூணு அடிக்குத் துணி, மெத்தை ஒண்ணும் வேணாம். பனி முடியற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கேயே படுங்க. அப்புறம் வயரை மாத்திட்டு ஹீட் பம்ப் போடு. வெளியே ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை.”

“குளிருலேர்ந்து சூட்டை எடுக்குமாமே அது? பாறையில பால் கறக்கறவன்கிட்ட போய்ச் சொல்லு.”

“ஊருல பாதி வீட்டுல கறக்குறாங்க. நீதான் பாறையைப் பார்த்துக்கிட்டே நிக்கறே.”

வெர்னா சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலானது. அதோடு நின்றிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் டெல்பர்ட் எழுந்து போய் படுக்கையறையிலிருந்து ஹீட்டரை வயரோடு இழுத்து வந்தான். கதவைத் திறந்து கீழே பாறைகள் மேல் வீசினான். அது இரண்டு தடவை துள்ளிக் கடலில் விழுந்தது.

ஹாலிஸுக்கு வலது கை எழவில்லை. இடது கையால் குத்தினான். மரம் பிளக்கிற மாதிரி சத்தம் கேட்டது. டெல்பர்ட்டின் முன்பல் ஒன்று தெறித்துப் பாத்திரத் தொட்டியில் விழுந்தது. பக்கத்துப் பல்லை அவன் விழுங்கிவிட்டான். வாயில் ரத்தம் கொட்ட, ஹாலிஸின் வலித்த தோளைப் பார்த்தே முழங்கையை இறக்கினான். இருவரும் மேசையைக் கவிழ்த்துக்கொண்டு தரையில் உருண்டார்கள். ஒருவன் காது இன்னொருவன் கையில். வெர்னா அடுப்பிலிருந்த கெட்டிலைத் தூக்கிப் புருஷன் முதுகில் போட்டாள். தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை, அது அவன் அதிர்ஷ்டம்.

“வெளியே போய் அடிச்சுச் சாவுங்கடா! நான்தானே தரையைக் கழுவணும்!”

டெல்பர்ட் வாயைப் பொத்திக்கொண்டு கிளம்பினான். வாசலில் நின்று சுவரைக் காட்டினான். அங்கே அவன் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. விஷவாயு வந்தால் கத்துகிற பெட்டி.

“அது கூவுச்சுன்னா வெளியே ஓடு. என் பல்லை அப்புறம் பேசிக்கலாம்.”

“இதையும் எடுத்துக்கிட்டு ஓடு!” என்று ரேடியேட்டரை அவன் பின்னாலேயே உருட்டிவிட்டான் ஹாலிஸ். படியில் விழுந்து அதன் வயிறு கிழிந்தது. பனியில் எண்ணெய் பரவியது.

இப்போது வீட்டில் ஹீட்டரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. அடுப்பை எரித்தால் படுக்கையறை வரைக்கும் சூடு போகாது. சமையலறையில் படுப்பது மச்சினன் சொன்ன யோசனை, அதற்கு ஹாலிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. வெர்னா இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு படுத்தாள். அவள் அவனோடு பேசவில்லை. இருமல் மட்டும் பேசியது.

அந்தக் கரையில் குளிர்காலத்துக்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் அணை கட்டுவார்கள். அலை ஒதுக்குகிற கடற்புல்லை வாரிவந்து அடிச்சுவரைச் சுற்றிக் குவித்து, பலகை வைத்து அடைப்பார்கள். தரைக்குக் கீழே காற்று நுழையாது. சன்னல் விளிம்போடு நிறுத்திவிடுவார்கள். ஹாலிஸ் நிறுத்தவில்லை. கடல் சீறிக்கிடந்த நாட்களில் ஒற்றைக் கையோடு வேலை செய்தான். சுவர்ப் பலகைகளின் ஒவ்வொரு இடுக்கிலும் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே தார் பூசினான். படகுக்குச் செய்கிற வேலை. சன்னல்களுக்குப் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கட்டினான். கதவின் அடியில் பழைய கயிற்றைத் திணித்தான்.

“ஹாலிஸ் வீட்டை இப்போ கடல்லயே எறக்கலாம்டா” என்றார்கள் படகுத் துறையில். “ஒரு சொட்டு உள்ளே வராது.”

அவனுக்குப் பெருமையாக இருந்தது. படகில் தண்ணீர் வரக்கூடாது, வீட்டில் காற்று வரக்கூடாது. இதில் மச்சினனுக்கு என்ன தெரியும்? பிறகு இரைமீன் கொட்டகையில் கிடந்த பழைய மண்ணெண்ணெய் ஹீட்டரைத் துடைத்துக் கொண்டுவந்து படுக்கையறையில் வைத்தான். அப்பன் அதைக் கொளுத்தித்தான் படுப்பான். எண்பது வயது வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

புயல் வடகிழக்கிலிருந்து வந்தது. காலையிலேயே மின்கம்பிகள் அறுந்தன. ஒரு படகும் கிளம்பவில்லை. ஹாலிஸ் ஹீட்டரைப் பற்றவைத்தான். அறை நிஜமாகவே சூடானது. வெர்னா ஒரு கோட்டைக் கழற்றிவிட்டு, வாரங்கள் கழித்து முதல் தடவையாக அவனைப் பார்த்து, “பரவாயில்லையே” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் சமையலறைச் சுவரில் வெள்ளைப் பெட்டி வீறிட்டது.

“அது ஏன் கத்துது?”

“மண்ணெண்ணெய் நாத்தத்துக்கு. உன் தம்பி வாங்குனது வேற எப்படி இருக்கும்?”

பெட்டியைப் பிடுங்கி, உள்ளேயிருந்த பேட்டரிகளை எடுத்து வானிலை கேட்கிற ரேடியோவில் போட்டுக்கொண்டான். ரேடியோ காற்றின் வேகத்தைச் சொன்னது. பெட்டி எதுவும் சொல்லவில்லை.

மத்தியானம் வெர்னா வாளியில் வாந்தி எடுத்தாள். நேற்றைய மீன் குழம்புதான் என்றான். அவனுக்கும் நெற்றிக்குள்ளே யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் படுத்தாள். எழுப்பினால், “விடு” என்றாள். அப்புறம் அதையும் சொல்லவில்லை. இருமலும் நின்றிருந்தது. சளி இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். தோள்கூட வலிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஹீட்டரின் சுடரைப் பார்த்தான். நீலமாக இருந்த சுடர் மஞ்சளாகி, உயரமாகி, சோம்பலாக ஆடியது. அழகாக இருந்தது.

கதவு இடிபட்டது.

“ஹாலிஸ்! வெர்னா! கதவைத் திற!”

புயலில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறது தீயணைப்புப் படையின் வழக்கம். ஹாலிஸுக்கு அது நினைவில்லை. குரல் மட்டும் தெரிந்தது. பல்லுக்குப் பல் வாங்க வந்திருக்கிறான். கதவுக்குள் கோடாரியின் விளிம்பு பளிச்சென்று நுழைந்ததும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. சுவரில் சாய்த்திருந்த, கூண்டுக் கயிற்றை இழுக்கிற கொக்கிக் கழியை எடுத்தான்.

கதவு பிளந்தது. பனியும் காற்றும் டெல்பர்ட்டும் ஒன்றாக உள்ளே விழுந்தார்கள். அவன் படுக்கையறைக்குள் பாய்ந்து மூச்சை இழுத்தான், சுடரின் நிறத்தைப் பார்த்தான், முகம் மாறியது.

“வெளியே வா! ரெண்டு பேரும்! காத்தே இல்லைடா இங்கே!”

ஹாலிஸ் கழியைச் சுழற்றினான். கொக்கி டெல்பர்ட்டின் முன்கையைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவது வீச்சு ஹீட்டரில் பட்டது. அது சாய்ந்தது. மண்ணெண்ணெய் தரையெங்கும் ஓடியது, நெருப்பு அதன் மேல் ஓடியது, கட்டில் விரிப்பைப் பிடித்து ஏறியது. டெல்பர்ட் கோடாரியைத் திருப்பி அதன் மொண்ணைப் பக்கத்தால் ஹாலிஸின் வலது தோளில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் காற்றுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கழி விழுந்தது. ஹாலிஸ் இடது கையால் அவன் தொண்டையைப் பிடித்தான்.

“என் வீடுடா!”

“உன் வீட்டையா கேட்டேன்? என் அக்காவைக் குடுடா!”

முழங்காலால் வயிற்றில் ஒன்று, தாடையில் ஒன்று. ஹாலிஸ் சுவரோடு சரிந்தான். டெல்பர்ட் எரிகிற விரிப்பை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தான். வெர்னாவை அக்குளுக்குள் கைகொடுத்து வெளியே இழுத்துப் போனான். திரும்பி வந்து ஹாலிஸைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். வாசற்படியில் தலை இரண்டு இடத்தில் மோதியது. அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பனியில் முகம் புதைந்து வாந்தி எடுத்தபோதுதான் ஹாலிஸுக்கு நிலவரம் விளங்கியது. வெர்னா அசையாமல் கிடந்தாள். அவள் தம்பி அவள் மேல் குனிந்து, முன்பல் போன வாயால் அவள் வாய்க்குள் ஊதிக்கொண்டிருந்தான். ஊதினான், நிமிர்ந்து திட்டினான், மறுபடி ஊதினான்.

“மூச்சு விடுடீ! இந்த எருமைக்காகவா சாவே? விடுடீ!”

அவள் இருமினாள்.

ஹாலிஸ் அந்த இருமலைக் கேட்டு எழுந்துகொண்டான். படுக்கையறைச் சன்னலின் பிளாஸ்டிக் உருகி உள்ளிருந்து புகை கிளம்பியது. டெல்பர்ட் பலகையை உடைத்து, அணையாகக் கட்டிய கடற்புல்லை வைக்கோல் அள்ளுகிற கவைக்கோலால் வாரினான். பனியில் ஊறிக் கல் கனம் கனத்த புல். அது எரியாது, உப்பு அதை எரியவிடாது. சன்னலை உடைத்து உள்ளே எறிந்தான். ஹாலிஸ் ஒற்றைக் கையால் வாரி வாரி எறிந்தான். நெருப்பு சீறிக் குரைத்து மூச்சடைத்து அணைந்தது. ஒரு அறை கரியாகிவிட்டது. வீடு நின்றது.

ஆம்புலன்ஸ் வரும்வரை மூவரும் டெல்பர்ட்டின் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஹாலிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்:

“எங்கப்பன் எப்படிடா உசிரோட இருந்தான்?”

“உங்கப்பன் வீட்டுல ஓட்டை இருந்துச்சு, ஹாலிஸ். பலகைக்குப் பலகை காத்து வந்துச்சு. நீதான் எல்லாத்தையும் அடைச்சே.” கிழிந்த கையைக் கந்தலால் சுற்றிக்கொண்டே சொன்னான். “நல்லா அடைச்சிருக்கே. அதுல குறை சொல்ல மாட்டேன்.”

வெர்னா ஆக்ஸிஜன் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பிழைத்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, “தம்பி சொல்றதைச் செய். இல்லேன்னா நான் அவன் வீட்டுலயே இருந்துக்கறேன்” என்றாள். தோளைக் கட்டுப் போட்டுக்கொண்டு ஹாலிஸ் செய்தான். துணி வயரை எல்லாம் பிடுங்கிப் புதிதாகப் போட்டார்கள். சுவரில் ஹீட் பம்ப் வந்தது. அதன் வெளிப்பெட்டியைப் பனி மூடாத உயரத்தில், அலைத் துளி படாத பக்கமாக மாட்டினான் டெல்பர்ட். மின்சாரம் போகிற நாளுக்காகச் சமையலறை அடுப்பின் புகைபோக்கிக்கு உள்ளே புது எஃகுக் குழாய் இறக்கினார்கள். இலையுதிர் காலம் வந்ததும் ஹாலிஸ் மறுபடி கடற்புல் அணை கட்டினான். சன்னல் விளிம்போடு நிறுத்திக்கொண்டான். வெள்ளைப் பெட்டியின் பேட்டரியை அவன் தொடுவதில்லை. ரேடியோ செத்தால் செத்தது.

உடைத்த கதவுக்கு டெல்பர்ட்டே புதுக் கதவு செய்து மாட்டிவிட்டான். பருவம் தொடங்கியதும் ஹாலிஸ் அவன் வீட்டு வாசலில் ஒரு பெட்டி சிங்கி இறாலைக் கொண்டுவந்து வைத்தான். டெல்பர்ட் வாயைத் திறந்து இடைவெளியைக் காட்டினான்.

“இதை வெச்சுக்கிட்டு நான் இறால் ஓட்டை எப்படிக் கடிக்கறது? எடுத்துக்கிட்டுப் போ. தோளுக்கும் கைக்கும் கணக்கு சரியாப் போச்சு. பல்லு பாக்கி இருக்கு.”

“டாக்டருகிட்ட வா. பல்லு கட்டித் தரேன்.”

“கட்டிக்கறப்போ சொல்றேன். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் இந்த ஓட்டையைப் பாரு.”

ஹாலிஸ் தினமும் படகுத் துறையில் அதைப் பார்க்கிறான். அவன் மச்சினனுக்குத் தர வேண்டியது இரண்டு பல். முன்பல் ஒன்று, அதற்குப் பக்கத்தது ஒன்று. இன்னும் தரவில்லை.