ஏகாக்ராவும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும்

கிங்சுக் தஸ்திதார் கொல்கத்தாக் கிளைக்கு மேலாளராக வந்த அன்றே, மாலை நாலு மணிக்கு முகம் சுளித்தார். இன்சூரன்ஸ் ஆபீஸின் நடுவில் ஒரு நீள மேஜை. மொத்தச் சிப்பந்திகளும் அதைச் சுற்றிக் கூடி, கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த பொரியைக் கொறித்தபடி, உலகத்திலுள்ள சகலத்தையும் பேசிக்கொண்டிருந்தார்கள், இன்சூரன்ஸ் நீங்கலாக.

தஸ்திதாருக்கு மும்பைத் தலைமையகத்து நாற்காலி ஒன்றின்மேல் கண். கடல் தெரியும் ஜன்னலோரம் அது. அங்கே ஏறிப் போக அவர் சாய்த்து வைத்த ஏணிதான் ஏகாக்ரா என்ற மென்பொருள். நேரத்தை வீணாக்குவது தேசத் துரோகம் என்று ஒரு மணி நேரம் சொற்பொழிவாற்றிவிட்டு அதைத் துவக்கி வைத்தார். இனி யாரும் எழுந்து போய் யாரோடும் பேசக் கூடாது, எதுவானாலும் ஏகாக்ராவில் எழுத வேண்டும். எழுதினால் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு. சும்மா இருந்தால் மஞ்சள். நீள மேஜை சுவரோரம் ஒதுக்கப்பட்டது. பிரிண்டர் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது.

"டீ வேணும்னாலும் இதுல எழுதித்தான் கேக்கணுமா ஸார்?" என்று கேட்டாள் மதுச்சந்தா மல்லிக். அந்த ஆபீஸில் எல்லோருக்கும் அவள் மதுதி, அதாவது மது அக்கா.

"ஆமா. டீ உங்க சீட்டுக்கே வரும்."

"பக்கத்து சீட்டு சிதாங்ஷு தும்மினா, நூறாயுசுன்னு எழுதி அனுப்பணுமோ?"

"தாராளமா அனுப்பலாம். விளக்கு பச்சையா எரியும்."

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் விழுங்கியிருக்க வேண்டும்.

மறுவாரமே கிளை முழுக்கப் பச்சை விளக்கு. வரைபடக் கோடு மலையேறியது. அதுவும் நாலு மணிக்கு மேல் செங்குத்தாக ஏறியது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பழைய பைலை ஏகாக்ராவே தேடிக் கொடுத்ததால், அதற்காக அலமாரிக்குள் தலையை விடுவது அடியோடு நின்றுபோனது. தஸ்திதார் வரைபடத்தை மும்பைக்கு அனுப்பினார். டைரக்டர் ஷுபாங்கி வைத்யா நேரில் பார்க்க வருவதாகப் பதில் வந்தது.

அதன் பிறகுதான், இவர்கள் அப்படி என்னதான் எழுதுகிறார்கள் என்று பார்க்கும் எண்ணம் அவருக்கு வந்தது. திறந்தார். உள்ளே மீன் யுத்தம். குழம்பில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போடும் மேற்கு வங்கக் கட்சிக்கு மதுதி தளபதி. பூர்வீகம் பத்மா நதிக்கு அந்தப் பக்கமான கிழக்குக் கட்சிக்கு சிதாங்ஷு பனிக்.

"இது அலுவலகப் பணிக்கான இடம். உடனே நிறுத்தவும்" என்று தட்டினார் தஸ்திதார். அதோடு கையை எடுத்திருக்கலாம். ஆனால் அதற்கு மேல்வரியில் மதுதி எழுதியிருந்தாள்: "கிழக்குக்காரங்க மீனை மிளகாய்ல புதைச்சுட்டு, கண்ணுல தண்ணி வந்தா ஊர் ஞாபகம்னு சொல்லிக்குவாங்க."

தஸ்திதார் குடும்பம் கிழக்கு வங்கத்துப் பரிசாலிலிருந்து வந்தது. விரல் அடங்கவில்லை. "மேலும், பரிசாலில் மீனுக்குச் சர்க்கரை போடுவதைவிடப் பட்டினி கிடப்பார்கள்" என்று சேர்த்து அனுப்பினார்.

அன்று முதல் நாலு மணியானால் அவர் அறைக் கதவு சாத்திக்கொண்டது. கண்காணிப்பு என்று பெயர்.

வைத்யா வந்தார். சுவர்த் திரையில் வரைபடம் ஒளிர்ந்தது.

"பிரமாதம். இங்க ரொம்ப உழைக்கிறது யாரு? அவர் எழுதினதைத் திறங்க, பாக்கலாம்."

தஸ்திதார் வாயைத் திறப்பதற்குள் இயந்திரம் திறந்துவிட்டது. அதற்கு ஏது இங்கிதம்? முதலிடம், கிங்சுக் தஸ்திதார். கீழே வங்க மொழியில் வரி வரியாக ஓடியது.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"நஷ்ட ஈடு விஷயமா, மேடம்."

மொழிபெயர்க்கும் பொத்தான் உள்ளதாகப் பார்த்து, மும்பைக்காகவே அதிக விலை கொடுத்து ஏகாக்ராவை வாங்கியவர் தஸ்திதார்தான். வைத்யா அதை அழுத்தினார். 'மதுதி, உங்க குழம்பைச் சாப்பிட்டவன் நேரா சர்க்கரை வியாதி டாக்டர்கிட்டதான் போகணும்' என்ற தஸ்திதார் வாக்கு திரையில் பெரிய எழுத்தில் மலர்ந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

வைத்யா சிரிக்கவில்லை. "சரி, வேலை கூடியிருக்கா?"

"கூடவும் இல்ல, குறையவும் இல்ல மேடம்" என்றான் சிதாங்ஷு. "முன்னாடி வாயால பேசினோம், இப்ப விரலால பேசறோம். விரல்தான் வலிக்குது."

"இவ்வளவு எழுதியிருக்கீங்களே, கடைசியில யாரு ஜெயிச்சது?"

"எழுதினா எப்படி மேடம் தெரியும்? வாய்க்குள்ள போகணுமே" என்றாள் மதுதி. அவள் தூக்கில் மீன் இருந்தது. சிதாங்ஷுவிடமும் இருந்தது. வைத்யா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பிரிண்டரைப் பார்த்தார். "அதைக் கீழ இறக்குங்க."

மேஜை நடுக் கூடத்துக்குத் திரும்பியது. வைத்யா இரண்டையும் ருசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டுமே சரியில்ல. எங்க ரத்னகிரியில தேங்காய் அரைச்சு, கோகம் புளி போடுவோம்."

கிழக்கும் மேற்கும் முதல் தடவையாக ஒரே கட்சியாயின. எல்லாவற்றுக்கும் மேலே தஸ்திதார் குரல்: "மேடம், நீங்க டைரக்டரா இருக்கலாம். அதுக்காக மீனுக்குத் தேங்காயா?"

இப்போது வைத்யா சிரித்தார். விரலை நக்கிக்கொண்டே சொன்னார்: "ஏகாக்ராவை மும்பைக்கு எடுத்துக்கறேன். பைல் தேட நல்லா உதவும். உங்களை எடுத்துக்க மாட்டேன் தஸ்திதார். அங்க கடல் தெரியும், சண்டைக்கு ஆள் கிடைக்காது."

நியாயப்படி அவர் இடிந்து போயிருக்க வேண்டும். அவரோ மதுதியின் தூக்கை எட்டி இழுத்துக்கொண்டிருந்தார். சுவர்த் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக மஞ்சளுக்கு மாறின, கடைசியாக அவர் பெயரும். எல்லார் கையிலும் குழம்பு. விசைப்பலகையைத் தொட ஆளில்லை.

"ஸார், அது சர்க்கரை போட்டது" என்றாள் மதுதி.

"தெரியும்" என்றார் தஸ்திதார், இன்னொரு துண்டை எடுத்தபடி. "ஏகாக்ராவில மட்டும் எழுதிடாதீங்க."