கழுத்துக்குள் சீட்டி

என் வீட்டுக்காரர் சென்றாயனுக்கு திடீரென்று வலது கை விழுந்துபோகும், வாய் குழறும். செத்துப்போன அவர் அண்ணன் கருப்பண்ணனுக்கு ஒரு கோழியை அறுத்துப் படைப்போம். கோழி வேகுமுன்னே கை சரியாகிவிடும். இப்படியே அடைகாத்த கோழி வரைக்கும் அறுத்தாயிற்று.

கருப்பண்ணன் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து செத்தவர். அன்றைக்கு ஏறியிருக்க வேண்டியவர் இவர்தான். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். அதனால்தான் அண்ணன் வந்து கையைப் பிடித்து இழுக்கிறான் என்பது இவர் நினைப்பு.

எங்கள் மலைமேல் செம்மேட்டில் மருத்துவ முகாம் போட்டார்கள். "வரலீன்னா எங்க அப்பன் ஊட்டுக்குப் போயிருவேன்" என்று கத்திக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா அருள்மொழி இவர் கழுத்தில் பசையைத் தடவி ஸ்கேன் வைத்தார். வலப்பக்கம் தப்தப்பென்று சீராகக் கேட்டது. இடப்பக்கம் வைத்ததும் சீட்டி. மரத்து உச்சியிலிருந்து கருப்பண்ணன் அடிப்பாரே, அதே சீட்டி. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"அண்ணன்..." என்றார் இவர்.

"அண்ணனுமில்ல, தம்பியுமில்லீங்க. மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கு. அந்தச் சந்துல ரத்தம் பாயுற சத்தம் இது. கை தானா சரியாகுதுன்னு இருந்தா, ஒரு நாள் சரியாகாமயே போயிரும். இன்னிக்கே சேலம் போங்க," என்றார் டாக்டரம்மா.

இவர் கட்டிலைவிட்டு இறங்கினார். "மொதல்ல கோழி. அவன் கூப்புடுறான், பெருமாயி."

இந்த மனுசனிடம் நியாயம் பேசி ஆகுமா?

"ஏனுங்க, காது அடைச்சுப் போச்சா? மலையெறங்கிக் கீழ ஆஸ்பத்திரிக்குப் போடான்னுதானுங்க உங்க அண்ணன் சொல்றாரு! எனக்கே கேட்டுச்சு."

செத்தவர் பேரில் பொய். நாக்குக் கூசியது. ஆனால் இவர் பஸ் ஏறிவிட்டார்.

சேலத்தில் கழுத்தை அறுத்து அடைப்பை எடுத்தார்கள். மறுபடி ஸ்கேன் வைத்தபோது இரண்டு பக்கமும் தப்தப். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவர் முகமோ செத்துவிட்டது. "அண்ணன் போயிட்டானா?" என்று குழந்தை மாதிரி அழுதார்.

ஊருக்கு வந்த பிறகு, பொழுது சாய்ந்தால் போதும், தழும்பு மேல் என்னைக் காது வைக்கச் சொல்வார். "கேக்குதா?" ஒன்றும் கேட்காது. "கேக்குதுங்க" என்பேன். அதற்கப்புறம்தான் இவருக்குச் சோறு இறங்கும். தொலையட்டும், ஒரு பொய்தானே என்று இருந்தேன்.

நேற்று திரும்பிப் படுத்திருந்தார். தழும்பில்லாத வலப்பக்கம் காதை வைத்தேன். மெல்லிசாக, உச்சி மரத்திலிருந்து வருவதுபோல, சீட்டி.

இத்தனை நாள் பொய்யாகக் கூப்பிட்டு, நானே அவரை வரவழைத்துவிட்டேனோ?

"கேக்குதா, புள்ள?"

"கேக்குதுங்க," என்றேன். "கீழ வரச் சொல்றாருங்க. எந்திரிங்க, பஸ்ஸு போயிரும்."