வலது கையின் வாக்குமூலம்

சலவை ஆலையின் சூப்பர்வைசருக்குத் தன்னை வேலையைவிட்டுத் தூக்கிவிட்டார்கள் என்பதே இன்னும் முழுசாக மனதில் ஏறவில்லை. சூரியனுக்கு யாராவது மெமோ கொடுப்பார்களா? ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரிகளின் தலையணை உறைகளும் தன் பார்வை பட்டுத்தான் வெளுக்கின்றன என்று மனதார நம்பியவர் அவர். தொழிலாளர்கள் முதுகுக்குப் பின்னால் 'மகாராஜா' என்பார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டவர் அந்த ஆலையிலேயே அவர் ஒருவர்தான்.

தலைநகரத்திலிருந்து பெரிய வக்கீலைக் கொண்டுவரலாம் என்றான் மைத்துனன். "எதுக்குடா? உள்ளூர் வக்கீலே போதும். என்னைப் பத்தித் தெரியாதவங்க இந்த ஊர்ல யாரு?" என்றார். சிக்கலே அதுதான் என்று சொல்ல மைத்துனனுக்குத் தைரியம் வரவில்லை.

வக்கீலம்மாவின் அலுவலகம் டயர் கடைக்கு மேல் மாடியில். ரப்பர் வாசனை படியேறிக் கூடவே வந்தது. கறுப்புக் கோட்டு ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குச் சொந்தக்காரி செருப்பில்லாத காலோடு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"குமாஸ்தாகூட இல்லையா?" என்றார் சூப்பர்வைசர், காலி நாற்காலியைப் பார்த்து.

"லீவு கேட்டாரு, குடுத்தேன். தொழிலாளர் வக்கீலே லீவு தரலேன்னா ஊர் சிரிக்காதா சார்?"

அவள் வேலைநீக்க உத்தரவைப் படித்தாள். "இஸ்திரி மெஷின்ல நிக்கற அம்மா குடுத்த புகார். 'சொடக்குப் போட்டு நாயைக் கூப்பிடற மாதிரி கூப்பிடறாரு.' இதுதான் மொத்தக் கேஸும். நிஜமா?"

"அபாண்டம் மேடம்! அங்க நீராவி இரைச்சல்ல காதுக்குள்ள கத்தினாலே கேக்காது. சொடக்கு எப்படிக் கேக்கும்?"

"நல்ல பாயிண்ட். விசாரணையில இதையே அசராம சொன்னீங்கன்னா வேலை திரும்பக் கிடைக்கும். ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் குடைவாரு. ஒரு ஒத்திகை பாத்துடுவோம். வழக்கமா குமாஸ்தாதான் எதிர் வக்கீல். இன்னிக்கு... அம்மா, நீங்க வந்து உக்காருங்க."

கணவரின் பையைக் கட்டிக்கொண்டு கதவோரம் இருந்த மனைவி, அந்த அம்மா யார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"இவளா? இவளுக்கு என்ன கேக்கத் தெரியும்?"

"வீட்ல கேள்வி கேட்டதில்லையா?"

"கேட்டா நான் விடுவேனா மேடம்!" என்று அவர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

மனைவி குமாஸ்தாவின் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "அந்தம்மா உங்க மேல எதுக்குப் பொய்ப் புகார் குடுக்கணும்?"

"பொறாமை."

"உங்க இடத்துக்கு வரணும்கற பொறாமையா?"

"பின்னே?"

"இஸ்திரி மெஷின்லேர்ந்து நேரா சூப்பர்வைசர் ஆகலாமா?"

"அதெப்படி முடியும்?"

"அப்ப எதுக்குப் பொறாமை?"

வக்கீலம்மா கடலை உரிப்பதை நிறுத்தினாள். சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. உப்பு போதுமா என்பதற்கு மேல் இத்தனை வருஷமாக ஒன்றும் கேட்காதவள், இதையெல்லாம் எந்த அலமாரியில் மடித்து வைத்திருந்தாள்?

"யாரையாவது சொடக்குப் போட்டுக் கூப்பிட்டிருக்கீங்களா, இல்லையா?"

"இந்த ஜென்மத்துல கிடையாது!" விட்ட இடத்தைப் பிடித்துவிட்ட தெம்பில் அவர் குரல் உயர்ந்தது. "மனுஷனை மனுஷனா மதிக்கற குடும்பம் எங்களுது. எங்கப்பா எதிரிக்கே நாற்காலி போட்டவரு. நான் ஒரு ஆளைக் கூப்பிடறேன்னா..."

பேச்சு நீண்டது. தொண்டை வறண்டது. கண் வக்கீலம்மா மேலேயே இருக்க, பேச்சும் நிற்காமல் இருக்க, அவருடைய வலது கை மட்டும் தன் பாட்டுக்குக் காதருகே உயர்ந்தது.

டக்.

குமாஸ்தாவின் நாற்காலியிலிருந்து எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தாள். மூலைக்குப் போனாள், ஜக்கிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள், திரும்பி நடந்தாள். பாதி வழியில் ஆணி அடித்ததுபோல் நின்றாள்.

"யாரு சொடக்குப் போட்டது?" என்றார் சூப்பர்வைசர். நடிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அப்புறம்தான் காதருகே இன்னும் தொங்கிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தார். தூக்கிவாரிப்போட்டது. யாருடைய கையையோ தன் தோளில் தைத்துவிட்டதுபோல் பார்த்தார்.

மனைவிக்கு அதைவிட அதிர்ச்சி. அவள் தன் கால்களைப் பார்த்தாள். "நான் ஏன் மேடம் எந்திரிச்சேன்?"

கீழே டயர் கடையில் இரும்பை இரும்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். "இந்தச் சத்தத்துலயே நல்லாக் கேட்டுது சார்" என்றாள் வக்கீலம்மா.

மனைவி அந்தத் தண்ணீரை ஒரே மடக்கில் தானே குடித்தாள்.

"மேடம்... கேஸு?" மகாராஜாவின் குரல் எலிக்குஞ்சாகியிருந்தது.

"விசாரணையில உங்களுக்குத் தாகம் எடுத்தா வேலை போச்சு. ஒரே வழிதான் இருக்கு. அந்தம்மாகிட்ட மனசார மன்னிப்புக் கேளுங்க. அவங்க இறங்கி வந்தா, நிர்வாகத்துகிட்ட நான் சமரசம் பேசறேன்."

"மன்னிப்பா? அது எப்படிக் கேக்கறது?" தெரியாத ஊரில் வழி கேட்பவர்போலக் கேட்டார்.

மனைவி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "முதல்ல என்கிட்ட கேட்டுப் பாருங்க. ஒத்திகைதானே."

அவர் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஜக் மூலையில் இருந்தது. இரண்டு பெண்களும் அவர் வலது கையையே பார்த்தார்கள், அவரும் பார்த்தார். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்துபோய், இடது கையால் ஜக்கைச் சாய்த்தார். பாதி தண்ணீர் தரையில் போயிற்று.

"துடைக்கிற துணி கதவுக்குப் பின்னால" என்றாள் வக்கீலம்மா.

மனைவி எழுந்திருக்கவில்லை.