மூன்றாவது பட்டை

1.

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வலியசாலையில் வாடகைக்கு ஒரு மாடியைப் பார்க்கப் போயிருந்தேன். எதிர்வீட்டிலிருந்து ஒரு ஒலி ஏறியது, கொஞ்சம் நின்றது, இறங்கியது. குக்கர் விசிலடிக்க யோசிப்பதுபோல் இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். “அது ஒண்ணுமில்லே, அந்த மாமி ஏதோ பாட்டுப் பெட்டி பண்றா” என்றார்.

வீடு அமையவில்லை. சத்தத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த மாமியை நான் பார்த்ததேயில்லை. ஆகவே கீழே வருவதெல்லாம் என் பொறுப்பு.

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள்:

(அ) “சூடாமணி சால்டரிங் இரும்பைத் தாங்கியில் வைத்தாள், புகை எழுந்து…” (புகை வந்தால் அடுத்த வரியில் நினைவுகள் வரும். வேண்டாம்.)

(ஆ) “குரல் என்பது” (இப்படித் தொடங்கியவர் பிறகு கீழே இறங்கவே முடியாது.)

(இ) “நாகேஸ்வரன் வாய் திறந்து ஐந்து மாதமாகிறது.” (பொய். அவர் நன்றாகவே பேசுகிறார். பாட்டுத்தான் போய்விட்டது.)

மூன்றையும் அழிக்கவில்லை. சேர்த்துப் படித்தால் விஷயம் ஓரளவு புரிந்துவிடுகிறது.

2.

மீதியை நேராகவே சொல்கிறேன். நாகேஸ்வரன் ஓய்வுபெற்ற அலுவலர். கோயிலில் சனிக்கிழமை பஜனையை முன்னால் இருந்து நடத்தியவர். கழுத்தில் ஒரு அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு குரல் பாதி காற்றாகிவிட்டது. பேச்சுக்குக் காற்று போதும், பாட்டுக்குப் போதாது. சனிக்கிழமைகளில் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சூடாமணி அவர் மனைவி. அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு: சொந்தமாக ஒரு சிந்தசைசர், அதாவது மின்சாரத்தில் சுரம் எழுப்பும் பெட்டி, கட்டுவது. கடையில் விற்கிற கீபோர்டு இல்லை. உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது. மின்னழுத்தம் ஏறினால் சுருதி ஏறும், இறங்கினால் இறங்கும், அவ்வளவுதான். சத்தம் எழுப்பும் பாகத்தை முன்பே முடித்துவிட்டாள். அதைக் கையால் ஆள ஒரு பலகை மட்டும் பாக்கி. அந்தப் பலகையை அவருக்காகச் செய்யலாம், அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் மறுபடி பஜனையில் உட்காரட்டும் என்று நினைத்தாள்.

இதுவரை எழுதியதை ஜெஸ்லினுக்கு அனுப்பினேன். விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள், சர்ச் கொயரில் பாடுகிறாள், நான் எழுதுவதை நம்ப மறுப்பதில் தேர்ந்தவள். உடனே போன் வந்தது.

“அண்ணே, அந்த அம்மைக்கு சால்டரிங் யாரு படிப்பிச்சது?”

“கல்யாணத்துக்கு முன்னால ரேடியோ கம்பெனியில வேலை பாத்தா.”

“இது இப்பம் உண்டாக்கினதுதானே?”

“ஆமா.”

“எழுதி வையுங்க. இல்லேன்னா நாளைக்கு மறந்துபோவீங்க.”

எழுதிவிட்டேன். இனி அது உண்மை.

3.

பலகை பழைய அலமாரிக் கதவில் அறுத்தது. மேலே எட்டுப் பித்தளைப் பட்டைகள், ஸ முதல் மேல் ஸ வரை. ஒன்றைத் தொட்டால் அந்தச் சுரத்துக்கான வோல்ட் சிந்தசைசருக்குப் போகும். பக்கத்தில் ஒரு குமிழ், அதை ஆட்டினால் சுரம் அசையும். காலுக்குத் தையல் மெஷின் பெடல், அமுக்கினால் ஒலி கூடும். ஒவ்வொரு பட்டைக்குக் கீழும் ஒரு சிறு துளை, துளைக்குள் ஒரு பிரீசெட்.*

* பிரீசெட் என்பது ஸ்க்ரூடிரைவரால் மட்டும் திருப்பக்கூடிய குட்டிக் குமிழ். ஒருமுறை சரியாக வைத்துவிட்டு மறந்துவிடுவதற்காக உள்ளது. (நானும் “என்பது” போட்டுவிட்டேன். அடிக்குறிப்பில் பரவாயில்லை.)

எட்டையும் சூடாமணி போனில் சுருதி காட்டும் டியூனரை வைத்துச் சரிசெய்தாள். நாகேஸ்வரன் ஒவ்வொன்றாகத் தொட்டார். ஸ. ரி. மூன்றாவதில், க-வில், கையை எடுத்துவிட்டார்.

“இது தப்பு.”

“எது?”

“காந்தாரம். ஏறி நிக்கறது.”

“டியூனர்ல பாத்தாச்சுன்னா. முள்ளு நட்டநடுவுல நிக்கறது.”

“முள்ளா பாடப் போறது? பல்லு கூசறது, கேட்டியா?”

“நேக்குக் கூசலையே.”

“நோக்கு மிக்ஸி ஓடினாலே கச்சேரியாக்கும்.”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார், காற்றாக. பிறகு பலகையை மெதுவாக நகர்த்தி வைத்தார்.

“இதச் சரிபண்ணு, சனிக்கிழம வரேன். தப்பான காந்தாரத்த வச்சுண்டு அவா நடுவுல போய் உக்கார மாட்டேன். இங்கேயே சாயா குடிச்சுண்டு இருக்கேன், அது மதி, போறும்.”

(இந்த இடத்தில் அவர் கண் கலங்கியதாக ஒரு வரி இருந்தது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று தோன்றியதால் எடுத்துவிட்டேன். சாயாவை மட்டும் விட்டுவைத்தேன்.)

சூடாமணி மறுபடி அளந்தாள். வோல்ட் மீட்டர் சரி. டியூனர் சரி. மீதி ஏழு பட்டைகளையும் அவர் தொட்டுப் பார்த்தார், அவருக்கும் சரி.

4.

அழகியநம்பி பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவன். கிள்ளிப்பாலத்தில் போட்டோகாப்பிக் கடை. அவளே அவனைக் கூப்பிட்டனுப்பினாள். வந்தான், பலகையைத் தட்டிப் பார்த்தான், நாகேஸ்வரனிடம் “நல்லாருக்கு சார்” என்றான். பிறகு ஸ்கூட்டரில் ஏதோ பார்ப்பதுபோல் வாசலுக்குப் போய், சூடாமணி வரக் காத்து நின்றான்.

“மாமி, சொன்னா கோவப்படப்பிடாது.”

“சொல்லுப்பா.”

“பலகை சரி. சாருதான்… அவருக்கு அந்த எடம் எப்பவும் கொஞ்சம் எறங்கித்தான் நிக்கும். கூட ஆர்மோனியத்த அமுக்கினா இடிக்கும். அதனால காந்தாரம் வர்றப்ப நான் அந்தக் கட்டையிலேர்ந்து விரல எடுத்துருவேன்.”

“எப்பத்துலேர்ந்து?”

“எனக்கு முன்னால வாசிச்சவரு மொத நாளே சொல்லிக்குடுத்தது அது. ‘நாகேஸ்வரன் பாடறப்ப அந்தக் கட்டைக்குப் போகாத.’”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“பின்னே? கூடப் பாடுறவங்களும் அங்க எறங்கித்தான் பாடுவாங்க. இப்ப எங்களுக்கு அதுதான் சொகம். வேற எடத்துல கேட்டா, இவன் என்ன ஏத்திப் பாடுறான்னு தோணும். மாமிக்குத் தெரியாதா?”

“நான் சுண்டல் வாங்கிக்கத்தானே வருவேன்.”

5.

இங்கே நான் நிறுத்திவிட்டேன். சில வாரங்கள் மேஜையில் அப்படியே கிடந்தது.

முடிவு ஒன்று: அவர் குளிக்கப் போகிற நேரம் சூடாமணி மூன்றாவது பிரீசெட்டைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறாள். அவர் சந்தோஷமாகப் பஜனைக்குப் போகிறார். நான்கு வரியில் கதை முடிந்துவிடும்.

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறாள். “நாகேஸ்வரன் நெடுநேரம்” (அதற்கு மேல் போகவில்லை. நெடுநேரம் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாகத் தன் பாட்டைச் சுற்றி ஒரு கூட்டமே ஓசைப்படாமல் விலகி நடந்தது தெரிந்தபின், ஒருவர் அந்தக் கூட்டத்துக்குள் எப்படிப் போய் உட்காருவார்?)

ஜெஸ்லினைக் கேட்டேன்.

“எங்க கொயர்ல ஒருத்தி தப்பா பாடினா மூஞ்சிக்கு நேரே சொல்லிருவோம் அண்ணே.”

“அப்புறம்?”

“அடுத்த வாரம் அவ வர மாட்டா.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ஆளு குறையும். சுருதி நல்லாருக்கும்.”

சிரித்துவிட்டு அவளே சொன்னாள்: “நீங்க எதுக்கு அந்த அம்மைய முடிவெடுக்கச் சொல்லி இடிக்கீங்க? அந்தப் பட்டைக்குக் கீழ உள்ள திருகாணி அவருக்கு உள்ளதுதானே?”

6.

சனிக்கிழமை மதியம். நாகேஸ்வரனைக் கையோடு கூட்டிப்போக அழகியநம்பி ஆர்மோனியத்துடன் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். சூடாமணி சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள்.

“நீங்களே வச்சுக்கோங்கோ.”

“நானா? ஷாக் அடிக்குமோ?”

“ஒம்போது வோல்ட்தான். மீசை கூட நிமிராது.”

அவர் மூன்றாவது பட்டையைத் தொட்டுக்கொண்டே திருப்பினார். மீட்டரில் எண் இறங்கிக்கொண்டு வந்தது. சூடாமணி கொஞ்சம் பார்த்தாள். பிறகு மீட்டரை அணைத்துவிட்டாள்.

“ஆங். இதாக்கும் காந்தாரம்.”

பெடலை அமுக்கி, குமிழை லேசாக ஆட்டி, மோகன ராகத்தில் ஒரு வரி வாசித்தார். பெட்டியிலிருந்து வந்தது இயந்திரத்தின் ஒலிதான். ஆனால் மூன்றாவது சுரத்தில் அது இறங்கி நின்ற விதம் அவருடையது. அடுக்களையில் இருந்திருந்தால், அவர் பாடுகிறார் என்றே அவள் நினைத்திருப்பாள்.

நாகேஸ்வரன் எழுந்து மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். கிளம்பிவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். மறுபடி உட்கார்ந்தார்.

“அழகியநம்பி, நீயும் அந்தக் காந்தாரத்த அமுக்கு. சேந்து கேட்டுட்டுப் போலாம்.”

அழகியநம்பி இடது கையால் ஆர்மோனியத்தின் துருத்தியை அசைத்தான். வலது கை விரல் அந்தக் கட்டைக்கு மேலே வந்து நின்றது. அவன் சூடாமணியைப் பார்த்தான்.

அமுக்கு என்று அவள் தலையசைத்ததாக ஒரு படி எழுதினேன். வேண்டாம் என்று கண்ணைக் காட்டியதாக இன்னொரு படி. இரண்டும் எழுத எளிதாகவே வந்தன. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நாகேஸ்வரன் மூன்றாவது பட்டையில் விரலை வைத்துக் காத்திருக்கிறார். அந்தச் சுரம் கூடம் முழுக்க நிற்கிறது, அவருக்குச் சரியாக. துருத்தியில் காற்று இருக்கிறது. இத்தனை நாள் அந்தப் பஜனையில் எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்யப்போகிறேன்: இந்த இடம் வரும்போது விரலை எடுத்துக்கொள்கிறேன். கட்டை உங்கள் முன்னால் இருக்கிறது.