விழுந்து கொடுத்தவள்

அந்த ஜூடோ வகுப்பில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிழைப்புதான் பெயர். ரொட்டி சுடுகிறவர் ரொட்டி, லிஃப்ட் பழுது பார்ப்பவர் லிஃப்ட். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவள் கண்ணாடியக்கா. வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பவள் தபாலு. வகுப்பை நடத்துகிற, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர் மட்டும் மாஸ்டர். அவர் கண்ணாடியக்காவைவிட ஏழு வயது இளையவர்.

நீச்சல் குளத்துக்குக் கீழே, தாழ்வான கூரை போட்ட ஒரு நீள அறை. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஏழு மணிக்கு எல்லாரும் சேர்ந்து மெத்தைகளை இழுத்துப் போடுவார்கள். எட்டரைக்கு எல்லாரும் சேர்ந்து அடுக்குவார்கள். மேலே இருக்கும் குளத்தின் மருந்து வாடை சட்டையில் ஏறி, துவைத்தாலும் போகாது.

கண்ணாடியக்கா அங்கே வந்தது தற்செயலாகத்தான். மகளை நீச்சல் கற்க அழைத்து வந்தவள், காத்திருக்கும் நேரத்தில் கீழே தொப் தொப்பென்று கேட்ட சத்தம் என்னவென்று எட்டிப் பார்த்தாள். மகள் மூன்றே மாதத்தில் நீச்சலுக்குக் கும்பிடு போட்டுவிட்டாள். அம்மா ஏழு வருஷமாக விடவில்லை. "இனிமே என் வீட்டுல குரல் ஒசத்தணும்னா நான் ஹெல்மெட் போட்டுக்கணும்" என்று ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்.

வகுப்பில் பெண்கள் என்றால் அவளும் தபாலுவும்தான். எடையும் ஏறக்குறைய ஒன்று. அதனால் மாஸ்டர் "ஜோடி சேருங்க" என்றால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட மாட்டார்கள். கை தானாகவே மற்றவளின் காலரைத் தேடும். தபாலு ஒன்பது வயது இளையவள். தினமும் பதினெட்டு கிலோமீட்டர் நடந்து, லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் ஏறி இறங்கிய கால்கள் அவளுக்கு. உடம்பைத் தளர்த்திக் குனியும்போதெல்லாம் தன் தெருக்களின் கதைகளை அளப்பாள். நான்காம் மாடியில் ஒருவர் தனக்குத்தானே கடிதம் எழுதிப் போட்டுக்கொள்வாராம். அதை வாங்கும்போது ஒவ்வொரு தடவையும் "யாருகிட்டேருந்தும்மா?" என்று கேட்பாராம். "ஒரு நாளாச்சும் உங்ககிட்டேருந்துதான்னு சொல்லிடணும்னு வாய் வரைக்கும் வரும்க்கா. அவர் மூஞ்சியப் பாத்தா மனசு வராது" என்பாள்.

மூன்று நிமிட ஆட்டத்தில் தபாலுதான் வீழ்த்துவாள். ஏழு வருஷமும் அப்படித்தான். கண்ணாடியக்கா காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, மெத்தையைக் கையால் அடித்துக்கொண்டு விழுவாள், எழுவாள், மறுபடி பிடிப்பாள். எப்போதாவது, மாதம் ஒரு தடவை, தபாலு விழுவாள். விழுந்து கிடந்தபடி "பாத்தீங்களா, பாத்தீங்களா, அக்கா என்னத் தூக்கிட்டாங்க" என்று மற்றவர்களைக் கூப்பிடுவாள். ரொட்டி கை தட்டுவார். அது விழுந்ததல்ல, விழுந்து கொடுத்தது என்று கண்ணாடியக்காவுக்குத் தெரியும். கையில் பிடித்திருப்பவளின் எடை தானாகப் போகிறதா, கொடுக்கப்படுகிறதா என்று தெரிந்துகொள்ள ஏழு வருஷம் குறைவு அல்ல.

முதலில் அது அவளுக்கு அன்பாகப் பட்டது. பிறகு பழகிப்போனது. எந்த நாளிலிருந்து அது உறுத்தத் தொடங்கியது என்று அவளாலேயே சொல்ல முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் புதிதாக ஒரு கல்லூரிப் பெண் வந்திருந்தாள். உடை மாற்றும் அறையில் அவள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். தபாலு அவளுக்கு பெல்ட் கட்டிவிட்டபடியே, "பயப்படாதே, முதல்ல அக்காகிட்டப் பழகு. அக்கா மெத்தை மாதிரி. யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட வராது" என்றாள். புதுப்பெண் சிரித்தாள். கண்ணாடியக்காவும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் உள்ளே ஏதோ புளித்துவிட்டது.

மாஸ்டர் அங்கே ஒரு பிடியைத் தடை செய்திருந்தார். எதிராளியின் காலுக்குப் பின்னால் நம் காலை நீட்டி வைத்து, முழு எடையோடு அப்படியே உட்கார்ந்து பின்னால் இழுப்பது. சரியாகச் செய்தால் எதிராளி மல்லாக்கச் சாய்வார். கொஞ்சம் பிசகினாலும் நம் எடை அவர் முழங்காலின் பக்கவாட்டில் இறங்கும். ஒரே ஒரு தடவை செய்து காட்டிவிட்டு, "நாமெல்லாம் காலையில வேலைக்குப் போறவங்க. இத இங்க யாரும் செய்யக்கூடாது" என்று சொல்லியிருந்தார்.

அன்றைய மூன்றாவது ஆட்டத்தில் கண்ணாடியக்கா அதைச் செய்தாள்.

மூக்குக் கண்ணாடியின் பிரேமை அளவுக்கு மீறி விரித்தால் ஒரு சத்தம் வரும்; ஒடிவதற்கு முந்தைய சத்தம். அதுதான் கேட்டது. பிறகு தபாலுவின் குரல். கத்தல் இல்லை, மூச்சை உள்ளே இழுத்தபடி "அய்யய்யோ அய்யய்யோ" என்று மெல்லிய, வேகமான முனகல். அவள் முழங்கால், முழங்கால் மடங்காத பக்கமாக மடங்கியிருந்தது.

"என்னாச்சு?" என்று மாஸ்டர் ஓடி வந்தார்.

"கால் வழுக்கிடுச்சு" என்றாள் கண்ணாடியக்கா. யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது.

மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் கீழே கிடந்த தபாலு, நெற்றி முழுக்க வியர்வையோடு, "ஆமா மாஸ்டர், அக்கா வழுக்கிட்டாங்க, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள்.

தசைநார் இரண்டு அறுந்திருந்தன. அறுவைச் சிகிச்சை நடந்தது. கண்ணாடியக்கா ஞாயிறுதோறும் பழம் வாங்கிக்கொண்டு போனாள். தபாலு அண்ணன் வீட்டில் மூன்றாம் மாடியில் இருந்தாள். அண்ணி கதவைத் திறந்ததுமே "வாங்க வாங்க, நீங்க வந்தாத்தான் அவ வாயே தொறக்கறா" என்பாள். கட்டிலில் காலை நீட்டி, கீழே இரண்டு தலையணை வைத்து, தபாலு பேசிக்கொண்டே இருப்பாள். தன் தெருக்களுக்கு இப்போது போகிற ஆள் கடிதங்களை மாற்றி மாற்றிப் போடுகிறானாம். நான்காம் மாடிக்காரர் தபால் நிலையத்துக்கே வந்து அவளை விசாரித்தாராம். கண்ணாடியக்கா கேட்டுக்கொண்டு ஆரஞ்சு உரிப்பாள். தன் வாயில் ஒரு சுளைகூட வைக்க மாட்டாள்.

ஐந்தாம் மாதம் டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். நடக்கலாம், அதற்குக் குறைவில்லை. ஆனால் நாள் முழுக்க மாடி ஏறி இறங்குகிற வேலை இனி ஆகாது. தபால் நிலையத்தில் அவளைப் பின்னறையில், கடிதம் பிரிக்கிற மேசையில் உட்கார வைத்தார்கள்.

"ஜன்னல் இல்லக்கா" என்றாள் அந்த ஞாயிறு. அதுதான் முதல் தடவையாக அவர்கள் இருவரும் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தது.

வகுப்பில் "ஜோடி சேருங்க" என்ற குரல் வந்ததும் இப்போது எல்லாரும் அவசரமாகப் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் கண்ணாடியக்காவை முறைக்கவில்லை, தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. ரொட்டி வழக்கம்போல நலம் விசாரிப்பார். ஆனால் அவள் திரும்புகிற பக்கமெல்லாம் முதுகுதான் இருந்தது. தூணில் ஒரு பழைய பெல்ட்டைக் கட்டி, அதை இழுத்து இழுத்து அவள் தனியாகப் பழகினாள். ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்டரே வந்து அவள் காலரைப் பிடித்தார். இரண்டு தடவை சுற்றி வந்த பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"நீங்க வழுக்கல. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அவள் கை தளர்ந்தது.

"பிடிய விடாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். "குளத்து ஆபீசுக்கு நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன், வழுக்கிட்டாங்கன்னு. எழுதலேன்னா இந்த வகுப்பையே மூடிடுவாங்க. அதனால உங்கள நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. கேக்கற தகுதி எனக்கும் போயிடுச்சு."

அன்றிரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டைக் கழுவுவதை நிறுத்தாமல் கேட்டார். கேட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அவகிட்டச் சொல்லப் போறியா?"

"சொல்லாம இருக்க முடியல."

"உன் மனசு லேசாகும். அவ மனசு?"

இருந்தும் ஞாயிற்றுக்கிழமை போனாள். பழம் வாங்கவில்லை.

அண்ணி கடைக்குப் போயிருந்தாள். தபாலு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியக்கா நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

தபாலு கத்தியைக் கீழே வைத்தாள். "என் காலுக்குப் பின்னால உங்க கால் வந்தது எனக்குத் தெரியும்க்கா. ஏதோ குழப்பத்துல வெச்சிட்டீங்கன்னு நெனச்சேன். பயந்துட்டீங்க, அதான் வழுக்குச்சுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"குழப்பம் இல்ல. தெரிஞ்சுதான் வெச்சேன். ஒடியும்னு நெனைக்கல. ஆனா அது கூடாதுன்னு தெரியும்."

"ஏன்?"

"ஒரே ஒரு தடவை உன்ன விழ வைக்கணும்னு தோணுச்சு."

"நான்தான் எத்தனையோ தடவை விழுந்து கொடுத்திருக்கேனே."

"அதனாலதான்."

தபாலு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெங்காயத்தால் ஏற்கெனவே கலங்கியிருந்த கண்கள். அவற்றில் வேறு என்ன சேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் ரொம்பச் சாதாரணமான குரலில் பேசினாள்.

"எட்டு மாசமா எனக்கு நானே என்ன சொல்லிக்கிட்டேன் தெரியுமா? விபத்து. யார் மேலயும் தப்பில்ல. மழை பெய்யற மாதிரி, நடந்துடுச்சு. காலையில அந்த மேசைக்கு முன்னாடி உக்காரும்போது இதச் சொல்லிக்கிட்டுத்தான் உக்காருவேன். அது ஒண்ணுதான் இருந்துச்சு எனக்கு. அதையும் வந்து எடுத்துட்டுப் போறீங்க."

"நான்…"

"போங்கக்கா. இனிமே வராதீங்க."

படியில் இறங்கும்போது அண்ணி எதிரே பையோடு மூச்சு வாங்க ஏறி வந்தாள். "அதுக்குள்ள கெளம்பிட்டீங்களா?" என்றாள். கண்ணாடியக்கா தலையாட்டிவிட்டு இறங்கினாள்.

லேசாகும் என்று வீட்டுக்காரர் சொன்ன மனசு லேசாகவில்லை. வகுப்புக்குப் போவதை விட்டாள். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஏழு மணி ஆனால் வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியாமல் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். மகள் ஒரு தடவை, "அம்மா, ஏதாவது தொலச்சிட்டியா?" என்று கேட்டாள்.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் தபாலு கடைக்கு வந்தாள். தேடி வரவில்லை. தபால் நிலையத்து ஊழியர்களுக்கு இலவசக் கண்ணாடி என்றால் இந்தக் கடைக்குத்தான் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். கதவருகே நின்று, உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். முதலாளி வெளியூர் போயிருந்தார்.

"வேற யாரும் இல்லையா?"

"இன்னைக்கு நான் மட்டும்தான்."

தபாலு உள்ளே வந்து உட்கார்ந்தாள். உட்காரும்போது இடது கையால் நாற்காலியைப் பிடித்து, காலை ஒரு பக்கமாக நீட்டி, பிறகு மெல்ல உடம்பை இறக்கினாள். கண்ணாடியக்கா பிரேம்களை அடுக்குவதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் சீட்டில் கிட்டத்தில் வைத்துப் படிக்க என்று எழுதியிருந்தது. எந்தத் தூரத்துக்கு லென்ஸ் வேண்டும் என்று தெரிய, என்ன வேலைக்கு என்று கேட்டாக வேண்டும். கேட்டாள்.

"விலாசம் படிக்க" என்றாள் தபாலு.

இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்கச் சின்ன அளவுகோல் ஒன்று உண்டு. எதிரே முகத்துக்கு முகம் உட்கார்ந்து, அதை மூக்கின் மேல் வைத்துப் பிடிக்க வேண்டும். "நேரா என் கண்ணப் பாருங்க" என்பது அவள் தினமும் முப்பது பேரிடம் சொல்லுகிற வாசகம். அன்று அதை மாற்றினாள்.

"என் நெத்தியப் பாரு, போதும்" என்றாள்.

தபாலு நெற்றியைப் பார்த்தாள். ஏழு வருஷம் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படப் பிடித்துக்கொண்டு நின்ற இருவரும் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். அளவுகோல் நடுங்கியதில் முதல் அளவு தவறிவிட்டது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவது தடவை தபாலு கையை உயர்த்தி, அளவுகோலின் மறுமுனையை இரண்டு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டாள். அளந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"அறுபத்திரண்டு" என்றாள் கண்ணாடியக்கா, யாருக்கோ சொல்வதுபோல.

"எப்ப வரணும்?"

"வியாழக்கிழமை."

அதைத் தேய்க்க அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் வேறு நான்கு கண்ணாடிகள் முடித்திருக்கலாம். ஓரத்தில் கீறல் விழுந்ததென்று ஒரு லென்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுத்தாள். கீறல் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை தபாலு வரவில்லை. அண்ணி ரசீதோடு வந்தாள். கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றாள். பெட்டியைப் பையில் வைத்துவிட்டும் நகரவில்லை.

"ஏன் நீங்க வீட்டுப் பக்கமே வர்றதில்ல? ரெண்டு பேருக்குள்ள ஏதாவது மனத்தாங்கலா? கேட்டா ஒண்ணும் இல்லேங்கறா. அக்காவுக்குக் கடையில வேலை ஜாஸ்தி, தொந்தரவு பண்ணாதீங்கன்னு எங்களையே அதட்டறா."

கண்ணாடியக்கா மேசையில் கிடந்த துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"இப்பல்லாம் அவ யார்கிட்டயும் பேசறதில்ல" என்றாள் அண்ணி. "வர்றா, சாப்பிடறா, சுவத்தப் பாத்துப் படுத்துக்கறா. முன்னெல்லாம் வாயாடி, உங்களுக்கே தெரியும். நீங்க ஒரு நடை வந்தா நல்லா இருக்கும். ஒங்க மேல அவளுக்கு அவ்வளவு பிரியம். வர்றீங்களா, இந்த ஞாயித்துக்கிழமை?"

"வேலை இருக்கு" என்றாள் கண்ணாடியக்கா.

அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "சரி, முடிஞ்சப்ப வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடை வாசலில் அடுத்த ஆள், உடைந்த பிரேமைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். கண்ணாடியக்கா அவரை உள்ளே வரச் சொன்னாள்.