மீன் போடாத குழாய்

நிஷாந்தி அவசரப்பட்டுவிட்டாள். கணினித் திரையில் ஒரு புழுவின் பெயரைப் பார்த்த கையோடு பூண்டுலோயாவில் இருக்கும் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நம்ம டேம் மீன யாரும் திங்க வேணாம். மனுசன் ஈரல்ல போய் உக்காருற புழு அதுல இருக்கு."

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒரு வாசலில் சொன்னால் பத்து வாசலுக்கும் கேட்கும். அன்றைக்கே பக்கத்து வீட்டு ஜீவராஜ் டேமில் மீன்பிடிக்கப் போவதை நிறுத்திவிட்டார். அக்காவுக்கு ஏழு மாதம். வாரத்துக்கு மூன்று நாள் அந்த டேம் திலாப்பியாவை, லயத்தார் சொல்லும் ஜப்பான் மீனைத்தான் தின்றிருந்தாள். "புள்ளைக்கு ஏதும் ஆயிருக்குமாடி?" என்று அவள் போனில் கேட்டாள்.

பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வே இதுதான். ஊர் டேமில் பிடித்த நாற்பது மீன்களின் குடலையும் செவுளையும் அரைத்து, அதில் கலந்துகிடக்கும் டி.என்.ஏ. முழுவதையும் வாசித்து, மீனுக்குள் என்னென்ன ஒட்டுண்ணிகள் கூடி வாழ்கின்றன என்று பட்டியல் எடுக்கவேண்டும்.

மறுநாள் ஆய்வை மேற்பார்வையிடும் கேத்ரின் மிஸ் பட்டியலைப் பார்த்தார். "வெறும் குழாய்ல என்னம்மா வந்துச்சு?"

மீனே போடாமல் மருந்தை மட்டும் விட்டு, சோதனைக்காகக் கூடவே ஓட்டும் குழாய் அது. அதில் எதுவும் வரக்கூடாது. நிஷாந்தி அந்த வரியைப் பார்க்கவேயில்லை. இப்போது பார்த்தாள். அங்கேயும் அதே ஈரல் புழு.

பக்கத்து மேசை விஜிதரன் அந்தப் புழுவின் டி.என்.ஏ.வை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வேலை செய்துகொண்டிருந்தான். துளித் துளியாக மருந்து எடுக்கும் அவனுடைய பிப்பெட்டைத்தான் இவளும் எடுத்திருந்தாள். அதில் ஒட்டியிருந்ததுதான் இவளுடைய குழாய்களுக்குள் வந்திருக்கிறது.

"இதனால மீன் சுத்தம்னு ஆயிடாது. முதல்லருந்து செய்ங்க," என்றார் மிஸ்.

மீன்களின் மிச்சத் துண்டுகள் ஆல்கஹாலில் பத்திரமாக இருந்தன. வேறு அறை, புதுக் கருவிகள். ஒன்பது நாள் இரவும் பகலும் அங்கேயே கிடந்தாள். பத்தாம் நாள் முடிவு வந்தது. பதினொரு ஒட்டுண்ணிகள், ஈரல் புழு எந்த மீனிலும் இல்லை. வெறும் குழாயும் வெறுமையாகவே இருந்தது. மூன்று முறை வாசித்துவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. பஸ் ஏறிப் போய் முதலில் ஜீவராஜிடம் நின்றாள்.

"அண்ணே, தப்பு என்னோடது. புழு மீன்ல இல்ல. நான் எடுத்த கருவியில ஒட்டியிருந்துச்சு."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பத்து நாளா ஈரல் எந்தப் பக்கம் இருக்குன்னு தடவிக்கிட்டே கெடந்தேன், தங்கச்சி! அப்ப மீன்ல புழுவே இல்லையா?"

"இருக்குங்க. எல்லாம் மீனையும் கொக்கையும் புடிக்கிறது. நல்லா வேக வச்சுத் தின்னா நமக்கு ஒன்னும் இல்ல."

அக்கா சிரிக்கவில்லை. "இனி ரெண்டு தடவ பாத்துட்டு போன் எடு," என்று தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் அதே தோளில் சாய்ந்துகொண்டாள்.

மத்தியானம் அவள் குறட்டை விட்டுத் தூங்கினாள். பத்து நாளில் இதுதான் முதல் நல்ல தூக்கம் என்றாள் அம்மா. நிஷாந்தி அசையாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.